முள் எடுத்த தண்ணீர்

பதினொன்று இருபதுக்கு ஜெயசீலி கணினியில் பொத்தானை அமுக்கினாள். அதோடு சரி, இனி முப்பது நிமிஷத்துக்கு அந்த நீரியல் ஆய்வுக்கூடக் கொட்டகைக்குள் யாரும் அசையக் கூடாது. கண்ணாடித் தொட்டியின் மேல் கை வைக்கக் கூடாது, குறுக்குப் பலகையில் நடக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, முடிந்தால் தும்மக்கூடக் கூடாது. தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கிற அந்தக் கருவி நொடிக்கு நூறு தடவை தண்ணீரின் வேகத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒருத்தர் கால் மாற்றி உட்கார்ந்தால் அதையும் தண்ணீர் செய்த காரியம் என்று எழுதிவிடும். இந்தச் சட்டங்களை எழுதிச் சுவரில் மாட்டியவரே தணிகாசலம்தான். ஆகவே, வருகிற ஜூனோடு ஓய்வு பெறப்போகிற முதுநிலை ஆய்வு அலுவலர், முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு மர ஸ்டூலில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு என்றால் முழு ஆறு இல்லை. கூழையாற்றின் குறுக்கே காரையடியில் கட்டின ரெகுலேட்டரை முப்பத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி வடிவம். பத்து மதகு, ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இல்லை. மதகுக்குக் கீழே, வேகமாக வருகிற தண்ணீர் விழுந்து புரண்டு கோபம் தணிந்து போவதற்கென்று கட்டின தணிப்புத் தொட்டி. ‘தணிப்புத் தொட்டி தணிகாசலம்’ என்று அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவருக்கும் தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும். அளவு சுருங்கினால் காலமும் சுருங்கும். நீளம் முப்பத்தாறில் ஒன்று என்றால் நேரம் ஆறில் ஒன்று, அது கணக்கு, யாரும் மாற்ற முடியாது. இங்கே ஒரு நிமிஷம் ஓடினால் காரையடியில் ஆறு நிமிஷம். இங்கே முப்பது நிமிஷம், அங்கே மூன்று மணி நேரம், வெள்ளத்தன்று காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. எட்டரைக்குத்தான் தணிப்புத் தொட்டியின் தளம் பெயர்ந்தது. எட்டரை என்றால் இந்தக் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தைந்து. இப்போது மணி பதினொன்று இருபத்தி மூன்று.

அந்த மனுஷன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருந்திருப்பான். ஆறு மணி பதினெட்டு நிமிஷம். டீ குடித்திருப்பானா? அய்யாக்கண்ணு, இருபத்திரண்டு வருஷமாக லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடுகிற ஆள், காரையடி திறந்ததிலிருந்து அங்கேதான். தணிகாசலம் அவனை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், திறப்பு விழாவன்று. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றான், இவர் கீழே இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டான், பாசியா இருக்குங்க ஐயா, பார்த்து. உள்ளங்கை சாணைக்கல் மாதிரி இருந்தது. வேறொன்றும் ஞாபகம் இல்லை, முகம்கூட இல்லை, செய்தித்தாளில் போட்டிருந்த அடையாள அட்டைப் படம்தான் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன கார்த்திகை வெள்ளத்தில் எட்டு மதகு துருப்பிடித்து ஏறவில்லை. நாலாம் மதகும் ஐந்தாம் மதகும்தான் ஏறின. போனில் மேலதிகாரி எதையாவது திறடா என்று கத்த, அவன் ஏறினதைத் திறந்தான். அரை மணிக்கு ஒரு தடவை கீழே இறங்கி அளவுப் பலகையைப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. எட்டரைக்கு இறங்கினான். அப்போது தணிப்புத் தொட்டியின் தளம், அத்தனை கனமான கான்கிரீட், பாய் மாதிரி எழும்பிற்று. பக்கச் சுவர் சாய்ந்தது. சுவரோடு அவனும் போனான். மூன்றாம் நாள் நாலு மைல் தள்ளி நாணல் புதரில் கிடைத்தான். விசாரணை நடந்தது. மதகுகளைச் சமமாகத் திறக்காததால் வந்த விபத்து, இயக்கத் தவறு, என்று முதல் அறிக்கை. அதை உறுதி செய்யச் சொல்லித்தான் சீஃப் இன்ஜினியர் கடிதம் எழுதியிருக்கிறார்: நாலும் ஐந்தும் மட்டும் திறந்த நிலையில் சோதித்து, தளத்தைத் தூக்குகிற விசை தளத்தின் கனத்தை மீறுகிறதா என்று தெரிவிக்கவும். மீறும். இதற்குச் சோதனைகூட வேண்டாம், எந்தக் குழந்தையும் சொல்லும். கேட்ட கேள்விக்குப் பதில் ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. ஆனால் நேற்று, யாரும் கேட்காமல், தன் மனசு கேட்காமல், பத்து மதகையும் சமமாகத் திறந்து ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார் தணிகாசலம். அதிலும் மீறியது. இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

தொட்டியில் வெள்ளையாகப் புரள்கிறது தண்ணீர். மதகுக்குக் கீழிருந்து கண்ணாடித் தகடு மாதிரி வழுவழுவென்று வந்து, திடீரென்று தாவி எழுந்து, தன் மேலேயே விழுந்து, குமிழியும் நுரையுமாக. இந்தக் குமிழிகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாம். கருவி ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிற சாதனம். நடுவில் ஒரு காற்றுக் குமிழி வந்தால் அதற்குப் புத்தி கெட்டுப்போய், தண்ணீர் பத்து மடங்கு வேகத்தில் பாய்ந்தது என்று ஒரு கோடு போடும். வரைபடத்தில் அது முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கோடுகளைத் தேடி எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்து அளவுகளின் சராசரியை அந்த இடத்தில் நிரப்புவதற்கு ஆய்வுக்கூடத்தில் ‘முள் எடுப்பது’ என்று பெயர். யார் வைத்த பெயரோ, மத்தியானம் மீன் குழம்பு கொண்டுவருகிற யாராவது வைத்திருப்பார்கள். முள் எடுத்தாச்சா, எடுத்தாச்சு சார். ஆறு வருஷம் முன்னால், காரையடி கட்டுவதற்கு முன்பு, இதே மாதிரியில் இதே தொட்டியில் அளந்து முள் எடுத்தபோது, எடுத்த பிறகும் நிறைய மிச்சம் இருந்தது. கொந்தளிப்பு இத்தனை, ஆற்றல் இந்த விகிதத்தில் கரைந்து அடங்குகிறது என்று காட்டுகிற கோடு, இறங்க வேண்டிய சரிவில் இறங்காமல் வால் தூக்கிக்கொண்டு நின்றது. அவருக்கு எரிச்சல். நாற்பது வருஷமாக உலகம் பூராவும் இறங்குகிற சரிவு, காரையடிக்கு மட்டும் என்ன கேடு? ஆகவே இன்னொரு தடவை எடுத்தார். கோடு அச்சடித்தாற்போல வந்து படுத்தது. அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசமே ஆகியிருந்த ஜெயசீலி பின்னால் நின்றுகொண்டு, “ரெண்டாவது தடவை எதுக்கு சார்?” என்று கேட்டாள். “குமிழிம்மா,” என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அன்றைக்குத் தளத்தில் அழுத்தமானி பதிக்க வசதி இல்லை. கருவி சொன்னது உண்மையா புரளியா என்று கேட்க வேறு ஆள் இல்லை. இப்போது தளத்தில் ஆறு அழுத்தமானி இருக்கிறது. அவற்றுக்குக் குமிழி ஒரு பொருட்டே இல்லை. நேற்று மேலே கருவி முள் காட்டின அதே நொடியில், ஒவ்வொரு தடவையும், கீழே தளம் ஒரு உதை வாங்கியது. ஆக அது முள் இல்லை. தண்ணீர்தான். அவர் எடுத்துப்போட்டது மீனைத்தான்.

பதினொன்று முப்பத்தி இரண்டு. அங்கே ஏழு பன்னிரண்டு. முட்டி கடுக்கிறது, பம்பு நடுங்குவது ஸ்டூல் வழியாக முதுகுத்தண்டில் ஏறுகிறது. பாசி வாடை, கிரீஸ் வாடை. ஒரு தடவை தமிழில்தான் கோப்பு எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பிரிவு எழுத்தர் இந்தத் தொட்டிக்கு ‘ஆற்றல் அழிப்பான்’ என்று பெயர் போட்டுக் கொண்டுவந்தார். அழியாதுய்யா, எதுவும் அழியாது, என்று தணிகாசலம் அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். பெரிய சுழி உடைந்து சின்னச் சுழியாகும், அது உடைந்து இன்னும் சின்னதாகும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதானதும் அதற்கு மேல் உடைய முடியாமல் தண்ணீரின் பிசுபிசுப்பில் மாட்டிச் சூடாகிப்போகும். எழுத்தருக்குப் புரியவில்லை. உடனே இவர், சீஃப் எஸ்.ஈ.யைத் திட்டுகிறார், எஸ்.ஈ. ஈ.ஈ.யைத் திட்டுகிறார், அவர் ஏ.ஈ.யை, ஏ.ஈ. லஸ்கரை, லஸ்கர் யாரைத் திட்டுவான், அவனுக்குக் கீழே யாரும் இல்லை, அவன் வயிறு எரிந்துகொண்டு வீட்டுக்குப் போவான், அந்த எரிச்சல்தான் சூடு, என்றார். மொத்தப் பிரிவும் சிரித்தது. நல்லாப் பேசினீர்கள் சார் என்றார் எழுத்தர். நன்றாகத்தான் பேசினார், பேச்சுக்கு என்ன பஞ்சம். வீட்டிலும் இப்படித்தான், மனைவி விசாலம் காபியை டம்ளருக்கும் டபராவுக்குமாகத் தூக்கி ஆற்றும்போது, பார், இது ஆறுகிறது உயரத்தாலா, காற்றாலா, கொந்தளிப்பாலா என்று ஆரம்பிப்பார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் முழுக்க அடங்கினாலும் ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்குகூடச் சூடேறாது தெரியுமா? நீங்க பேசியே ஆத்திட்டீங்க, குடிங்க முதல்ல, என்பாள். அவள் போய் நாலு வருஷமாகிறது. அடுப்படியில் சாய்ந்தவள் ஆறு நாள் கண் திறக்கவில்லை, ஏழாம் நாள் இல்லை. அதன் பிறகு ஒரு வருஷம் தணிகாசலத்திடம் யாரும் சத்தமாகப் பேசவே மாட்டார்கள். அவர் வந்தால் சிரிப்பை நிறுத்துவார்கள். கோப்புகளை மேஜையில் வைக்கக்கூடத் தயங்குவார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

நாற்பத்தி ஒன்று. எட்டு மணி ஆறு நிமிஷம். இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது அவனுக்கு, அவன் கணக்கில் இருபத்தி நாலு. போன வாரம் அவன் மகள் வந்தாள், முத்தரசி, இருபத்தி மூன்று வயசு, பி.காம். வாசல் காவலாளி விடவில்லை, இவர்தான் கூப்பிட்டார். அப்பா வேலை கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் இயக்கத் தவறு என்று முடிவானால் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “எங்கப்பா தப்பாத் திறந்துட்டாருன்னு ஊர்ல சொல்றாங்க சார். அவர் தப்பாத்தான் திறந்தாரா?” என்று மட்டும் கேட்டாள். “டெஸ்ட் முடியட்டும்மா,” என்றார் இவர். “முடிஞ்சா தெரிஞ்சிருமா சார்?” “தெரிஞ்சிரும்.” அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். தெரிந்துவிட்டது, நேற்றே தெரிந்துவிட்டது. அவன் பத்தையும் சமமாகத் திறந்திருந்தாலும், துரு இல்லாமல் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஏறியிருந்தாலும், அந்தத் தளம் எழும்பித்தான் இருக்கும். தளம் ஒன்றரை அடி கனம் குறைச்சல். குறைத்தது இவர் ரெண்டு தடவை முள் எடுத்துக் கொடுத்த எண். நேற்று ஓட்டத்தைச் சேர்த்து அனுப்பினால் பழைய கோப்பைக் கேட்பார்கள், கேட்டால் ரெண்டாம் தடவை எடுத்தது வெளியே வரும், வந்தால் பதினேழு-பி, அதாவது குற்றச்சாட்டு மெமோ. அந்த மெமோ கையில் இருக்கும்போது ஓய்வு பெற விடமாட்டார்கள். முப்பதாம் தேதி சாயங்காலம், மாலை வாங்கி வைத்திருக்கிற நேரத்தில், இடைநீக்க உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். ரங்கபாஷ்யத்துக்கு அப்படித்தான் நடந்தது, அந்த மனுஷன் மாலையைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார். பயம் என்றால் இத்தனை சில்லறையாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. ஒரு ஆள் செத்திருக்கிறான், இவருக்கு மாலையைப் பற்றிக் கவலை. சீ என்று இருந்தது. சொல்லிவிடலாம், சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் மகன் பெங்களூரிலிருந்து போன் போட்டு என்னப்பா இது என்பான். சொல்லாவிட்டால் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடியே இருப்பாள். எத்தனை தரம் சுற்றினாலும் இங்கேயேதான் வந்து நிற்கிறது.

நாற்பத்தி நாலு. அவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று தண்ணீரைப் பார்த்தார். தண்ணீரில் என்ன இருக்கிறது, எப்போதும் போலத்தான் புரண்டுகொண்டிருந்தது, மாதிரித் தளம் திருகாணி போட்டு முடுக்கின இரும்புத் தகடு, அது எழும்பாது, ஒன்றும் நடக்காது. இருந்தாலும் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது படியில் இறங்குகிறான். நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்திருப்பான், மழை. பாசி. கை பிடித்துவிட ஆள் இல்லை. பலகையில் அளவு தெரியாமல் குனிகிறான். திரையில் ஒரு முள் எழுந்தது, அடுத்தாற்போல் இன்னொன்று, அழுத்தமானியின் பச்சைக் கோடும் கூடவே துள்ளியது, பிறகு வழக்கம்போல நடுங்கிக்கொண்டு போனது. நாற்பத்தி ஐந்து ஆனது, நாற்பத்தி ஆறும் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தணிகாசலம் முடிவு பண்ணினார். பெரிய மனசெல்லாம் இல்லை. இப்படி ஒரு அரை மணி நேரம் இன்னொரு தடவை உட்கார முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். அனுப்பிவிடுவோம். மகன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நினைத்தவுடன் மூச்சு இறங்கி, பல வருஷமாக இல்லாத பசிகூட எடுத்தது.

“முடிஞ்சிருச்சு சார்,” என்றாள் ஜெயசீலி.

“பம்பு ஓடட்டும்,” என்று எழுந்தார். முட்டி சடசடத்தது. “ஜெயசீலி, நேத்து ஓட்டினதையும் சேர்த்து அனுப்பப் போறேன்.”

ஏன் என்று அவள் கேட்பாள் என்று நினைத்தார். அவள் திரையைப் பார்த்தபடியே, “பழைய கோப்பைக் கேப்பாங்க சார்,” என்றாள்.

“கேக்கட்டும். ரெண்டாவது தடவை எடுத்தது நான்தான்னு எழுதித் தந்துடறேன். உனக்கு ஒண்ணும் வராது.”

“வரும் சார். அந்தக் கோப்பை நான் திறந்த தேதி அதுல இருக்கும்.”

“எப்போ திறந்தே?”

“நாலு வருஷம் ஆச்சு. எம்.ஈ. ப்ராஜெக்டுக்கு எடுத்தேன். ஒரு தடவை மட்டும் முள் எடுத்துப் பார்த்தேன். தளம் பத்தாதுன்னு தெரிஞ்சுது.” அவள் குரல் எழும்பவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. “உங்களுக்கு லெட்டர்கூட அடிச்சு வெச்சேன் சார்.”

“ஏன் குடுக்கல?”

“அப்பத்தான் உங்க வீட்டுல அம்மா தவறினாங்க. காரியம் முடிஞ்சு வந்து இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தீங்க. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, குடிக்காம. எப்படி சார் குடுக்கறது? உங்க மனசு தாங்காதுன்னு விட்டேன். கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் அப்படியே போயிருச்சு.”

அவருக்கு முதலில் வந்தது கோபம், கண் இருட்டுகிற கோபம். நாலு வருஷம்; மூன்று மழைக்காலம்; கம்பி கட்டி மேலே கான்கிரீட் ஊற்றியிருக்கலாம், ஒரு அறிவிப்புப் பலகையாவது நட்டிருக்கலாம், கீழே இறங்காதே என்று. பாவி, ஒரு தாளை மேஜையில் வைக்க உனக்கு என்ன வந்தது? அப்புறம் அந்த ஒரு வருஷம் ஞாபகம் வந்தது, தான் வந்தால் சிரிப்பை நிறுத்தினவர்கள், தயங்கித் தயங்கி நின்றவர்கள், அது தனக்குப் பிடித்திருந்தது. இவர் துக்கத்தை எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்தார்கள், அதற்கு விலையாக அய்யாக்கண்ணு போய்ச் சேர்ந்தான். அவர் ஜெயசீலியைப் பார்த்தார். முப்பத்தி ஐந்து வயசு. ரெண்டு பெண் குழந்தைகள், சின்னதுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் பாக்கி. தெரிந்தும் சொல்லாதவள் என்று எழுதினால், தெரியாமல் செய்தவனை விட அவளுக்குத்தான் அடி பலமாக விழும். இவளை எப்படி மாட்டிவிடுவது, பாவம், என்று நினைத்தார். அப்படி நினைத்த மாத்திரத்தில் தோள் ரெண்டும் தளர்ந்தன, நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. சற்று முன் முடிவு பண்ணினபோது வந்த மூச்சைவிட இது நீளமாக, சுகமாக இறங்கியது. அவளுக்காகத்தானே. எனக்காக இல்லையே. எத்தனை கௌரவமான காரணம், கேட்காமலே கையில் வந்து விழுந்திருக்கிறது. அது தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் அதை அவர் விடவில்லை.

“நேத்து ஓட்டினது எங்க இருக்கு?”

“என் கம்ப்யூட்டர்லதான் சார்.”

“இருக்கட்டும்,” என்றார். “அவங்க கேட்டதை மட்டும் அனுப்புவோம்.”

அவள் எழுந்து போய்ப் பம்பை நிறுத்தினாள். தண்ணீர் மதகுகளை விட்டு இறங்கி, ரெண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் அலைந்து, தட்டையாகப் படுத்தது. திரும்பி வந்து அறிக்கைத் தாளைத் திறந்தாள். அவர் பின்னால் நின்று வரி வரியாகச் சொன்னார், அவள் அடித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“‘இயக்கத் தவறு’ன்னு வேணாம்மா. ‘சமமற்ற திறப்பு’ன்னு போடு.”

அவள் அழித்துவிட்டு மாற்றி அடித்தாள். அடித்ததை ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

“ஒண்ணுதாம்மா,” என்றார் தணிகாசலம். “அந்தப் பொண்ணு படிக்கும்போது அவ்வளவா குத்தாது.”